ஐஸ்பெட்டிக்காரப் பாக்சிக்கைத் தேடி ஒரு நன்றி மடல்

அப்பா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். காப்பி கிடையாது, கஞ்சிதான் என்றேன். முறைத்தார். முறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டி என்ற படகுத்துறையில் அப்பா வெயில் தாங்காமல் சாய்ந்துவிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை சொல்ல எனக்கு இப்போது மனசில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு.

ஜெட்டியில் எங்களுக்குச் சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் அவர். வயதில் மூத்தவரை மலாயில் 'பாக்சிக்' (மாமா) என்பார்கள். வெளுத்துப்போன தொப்பி, முழங்கால் வரை சுருட்டிவிட்ட கால்சட்டை. அப்பா சாய்ந்ததும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர் கொடுங்கள் என்றார் ஒருவர். தூக்கி உட்கார வையுங்கள் என்றார் இன்னொருவர். அந்தப் பாக்சிக் வாயே திறக்கவில்லை. அப்பாவின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். அப்புறம் தன்னுடைய ஐஸ்பெட்டியை இழுத்துவந்து, பிடித்து வைத்திருந்த செலார் மீன்களையும் இரைக்கு வைத்திருந்த இறாலையும் அப்படியே சிமெண்டுத் தரையில் கொட்டினார். தோளில் கிடந்த குட் மார்னிங் துண்டை விரித்து, ஐஸை அள்ளிப் போட்டு, முடிச்சுப் போட்டு அப்பாவின் கழுத்தில் வைத்தார். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி இரண்டு அக்குளிலும் செருகினார். பெட்டியின் மூடியை என் மகன் கையில் கொடுத்து, "கிப்பாஸ், கிப்பாஸ்" என்றார். பயத்தில் உறைந்து நின்ற பிள்ளை விசிற ஆரம்பித்தான்.

யாரோ ஒரு போத்தலை அப்பாவின் வாயருகே கொண்டுவந்தபோது மட்டும் கையை நீட்டித் தடுத்தார். நினைவு தெளிவாக இல்லாதவருக்குத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்று மருத்துவமனையில் தாதி சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கழுத்திலும் அக்குளிலும் பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன, அங்கே ஐஸ் வைத்தது நல்லதாகப் போயிற்று என்றும் அவர் சொன்னார். பாக்சிக் இதையெல்லாம் எங்கே கற்றாரோ, தெரியாது.

எனக்கு அந்த மீன்கள்தான் நினைவில் நிற்கின்றன. காலையிலிருந்து காத்திருந்து பிடித்தவை, கொதிக்கிற தரையில் கண் வெளுத்துக் கிடந்தன. மனுஷர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கிவிட்டார். வண்டியில் ஏறும் அவசரத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிற வழியில் அப்பா கண் திறந்து தெளிவாகச் சொன்ன முதல் பேச்சு, "எங்கேருந்து இறால் வாடை அடிக்குது?"

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடம் வரை ஓடிப்போய் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிகாட்டிய சைக்கிள் பையன்கள், குடை பிடித்துக்கொண்டே நின்ற பிலிப்பீன்ஸ் பெண், ஆம்புலன்ஸ் அழைக்கும் 995இல் பதறாமல் பேசிய அந்தக் குரல், அவசரப் பிரிவு மருத்துவர்கள், தாதியர், எங்கள் புளோக்கில் ஆளுக்கொரு வேளை ரசமும் சாதமும் கொடுத்தனுப்பிய அக்காமார் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்கள் தூக்குச்சட்டிகள் கழுவித் தயாராக இருக்கின்றன. ஆள் அனுப்புங்கள்.

கடலோரம்தானே, காற்று இருந்திருக்குமே என்று பலர் கேட்டார்கள். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்று வலுவிழந்துவிடும். அன்றைக்கு இலைகூட அசையவில்லை. ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் வேர்வை வழியும், ஆனால் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானபோது வீட்டில் நாங்கள் அலற, "1983லயே தெங்காவில 37 அடிச்சது. நாங்க வேலைக்குப் போகலையா?" என்றவர் அப்பா. அப்போது தனக்கு என்ன வயது என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி அந்தப் பேச்சு எடுபடாது. வானிலை விவரம் காட்டும் மைஇஎன்வி (myENV) செயலியை அவர் கைப்பேசியில் ஏற்றிவிட்டேன். வெப்ப அழுத்தக் குறியீடு 33ஐத் தொட்டால் 'அதிகம்' என்று அர்த்தம். வெறும் வெப்பநிலை இல்லை அது, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு. அப்படிக் காட்டினால் அப்பா வாசல் தாண்டக்கூடாது. கீழே காப்பிக்கடைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாக்சிக்கின் துண்டு எங்களோடு ஆம்புலன்சில் வந்துவிட்டது. துவைத்துக் காயப்போட்டும் இறால் வாடை போகவில்லை, மறுபடியும் ஊறப்போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அவரிடம் மலாயில் சொல்லிவிடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் நானும் மகனும் ஜெட்டிக்கு வருகிறோம், துண்டோடும் ஒரு பெட்டி ஐஸோடும். அன்றைக்கு அவர் இல்லையென்றால் அடுத்த ஞாயிறும் வருவோம். அப்பாவும் வருவேன் என்று அடம்பிடிக்கிறார். செயலி என்ன சொல்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.