கேஸ் லீக் ஆன அன்னைக்கு ஷெட்ல இருந்த எல்லாருக்கும் ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுங்க: தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நாலு மாசத்துக்கு முன்னாடி எங்க ஊர் இறால் கம்பெனியில குளிரூட்ட வச்சிருக்குற அமோனியா கேஸ் லீக் ஆனது உங்களுக்கே தெரியும். நீங்களும் நேர்ல வந்து பாத்தீங்க, வால்வ மாத்தினாங்க, மறுவாரமே கம்பெனி ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்த ஷிஃப்ட்ல இருந்த பொம்பளைங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு அதுக்கப்புறம் யாரும் வந்து கேக்கல.

எங்க மதினி அன்னைக்கு கம்ப்ரஸர் ரூமுக்கு பக்கத்து டேபிள்ல நின்னு இறால் உரிச்சிட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி ஆக்சிஜன் குடுத்தாங்க, காலையில எக்ஸ்ரே எடுத்துட்டு ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த எக்ஸ்ரேவ வச்சுத்தான் கம்பெனியும் வேலைக்கு வா வான்னு கூப்பிடுது. முன்னாடி மழைக்காலத்துல கூட இருமாதவங்க, இப்ப வத்தல் தாளிச்ச நெடி பட்டாலே கரண்டிய போட்டுட்டு வாசலுக்கு ஓடி வந்து திண்ணையில ரெண்டு கையையும் ஊனி குனிஞ்சுகிட்டு மூச்சுக்கு தவிக்கிறாங்க, பேச்சு வரவே கால் மணி நேரம் ஆகுது. மல்லாந்து படுக்க முடியல, செவுத்துல சாஞ்சுதான் தூக்கம். அடுப்படி வேலைய அண்ணன்தான் பாக்குறாரு.

எக்ஸ்ரே நல்லா இருந்தா மூச்சுக்குழாய் நல்லா இருக்குன்னு ஆகிடாது ஐயா. அமோனியா ஈரத்துல பட்டதும் கரைஞ்சு காஸ்டிக் மாதிரி அரிக்கும், கண்ணு, மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எதையும் விடாது. ஒரே ஒரு தடவ நிறைய உள்ள போனாலே போதும், ஆஸ்துமாவே இல்லாதவங்களுக்கும் ஆஸ்துமா மாதிரி வந்து மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும்னு டாக்டருங்க 1985லயே ராட்ஸ்னு பேரு வச்சு எழுதிட்டாங்க. இது எக்ஸ்ரேல தெரியாது, ஸ்பைரோமெட்ரின்னு குழாய்ல ஊத வச்சு பாப்பாங்களே அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். அந்த டெஸ்ட அன்னைக்கு ஷெட்ல இருந்த எல்லாருக்கும் எடுக்க உத்தரவு போடுங்க, நாங்க கேக்குறது இதுதான்.

இன்னொன்ன நெனச்சா இப்பவும் மனசு ஆறல. உரிக்கிறவங்க துணி எப்பவும் நனைஞ்சுதான் இருக்கும், நனைஞ்ச துணியில இந்த கேஸ் நல்லா ஏறிக்கும், உடனே துணிய மாத்தி நிறைய தண்ணி ஊத்தி கழுவணும். அன்னைக்கு அத்தன பேரையும் அதே ஈரத்துணியோட ஒரே வேன்ல கதவ சாத்தி ஏத்திட்டு போயிருக்காங்க. இத சொல்லித்தர ஒரு ஆள் கூடவா அங்க இல்ல?

போபால் விஷவாயு கசிவுக்கு அப்புறம் 1987ல ஃபேக்டரி சட்டத்த திருத்தினாங்க, ஆபத்தான வேலை செய்றவங்களுக்கு வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப், ஹெல்த் ரெக்கார்டு எல்லாம் வேணும்னு அதுல வந்துச்சு. இறால் கம்பெனி ஆபத்தான வேலை லிஸ்ட்ல வராதுன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க, நெஞ்சுக்குள்ள போனது அமோனியாதானே. 8 மணி நேர வேலையில அமோனியா சராசரியா 25 பிபிஎம்ம (பத்து லட்சம் பங்கு காத்துல 25 பங்கு) தாண்டக்கூடாதுன்னு போட்டதும் அப்பதான், அந்த ஷெட்ல அளந்து பாக்குற மீட்டர மதினி ஒரு நாளும் கண்டதில்ல. ரெக்கார்டு கேட்டா ஏஜென்ட் கூட்டிட்டு வந்த ஆளுக்கு ஏது ரெக்கார்டுங்குறாங்க. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல கடல் பைப்புல அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம் ஜனங்க ராத்திரியோட ராத்திரியா ஓடினப்ப நாடே பாத்துச்சு, காம்பவுண்டு சுவத்துக்குள்ள லீக் ஆனா மட்டும் அது ரெண்டு நாள் செய்தியோட முடிஞ்சிருது, உள்ள மூச்சு விடுறதும் மனுசங்கதானே ஐயா.

கோவத்துல ஏதும் தப்பா எழுதியிருந்தா பொறுத்துக்கோங்க. ஊதிப் பாக்குற டெஸ்ட கம்பெனி செலவுல எல்லாருக்கும் எடுக்க வைங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களயும் சேத்து. என்ன கேஸ், எவ்வளவு நேரம் சுவாசிச்சாங்கன்னு ஆஸ்பத்திரி சீட்டுல எழுதி கையில குடுக்க சொல்லுங்க, அது இல்லாம நாளைக்கு தொழிலாளர் காப்பீடு இஎஸ்ஐலயோ வேற எங்கயோ போய் நின்னா யாரும் நம்ப மாட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரையும் அந்த கம்ப்ரஸர் பக்கம் நிக்க வைக்க கூடாதுன்னு ஒரு வரி எழுதி கம்பெனிக்கு அனுப்புங்க ஐயா.

இப்படிக்கு,
அங்க வேலை பாத்த ஒருத்தரோட கொழுந்தன்