கிளை திறக்கறதுக்கு முன்னாடி ஐபி கணக்கு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டுல பதினாலு வருஷமா நெட்வொர்க் வேலை பாக்கறேன். ஜவுளிக்கடை, லேப், ஸ்கூல், சொசைட்டின்னு எல்லாரும் கிளை மேல கிளை திறக்கறாங்க, சந்தோஷம்தான், ஆனா வாடகை பேசறாங்க, ஏசி எத்தன டன்னுன்னு கேக்கறாங்க, நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் கதவு நம்பர் மாதிரி இருக்கற ஐபி அட்ரஸ் என்ன கொடுக்கறதுன்னு மட்டும் யாருமே கேக்கறதில்ல. அதனால வர்ற கஷ்டத்த பாத்துட்டுதான் எழுதறேன்.

23 கிளை இருக்கற ஒரு கடை, பேரு வேணாம். இன்டர்நெட் லைன் இழுக்க வந்தவங்க வச்சிட்டுப் போன ரவுட்டர்தான் எல்லா இடத்துலயும், எல்லாத்துலயும் அதே 192.168.1-ல ஆரம்பிக்கற அட்ரஸ். கிளைங்க தனித்தனியா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஸ்டாக்க ஒரே எடத்துல பாக்கணும்னு விபிஎன் (இன்டர்நெட் வழியா கிளைங்கள இணைக்கற தனிப் பாதை) போட்டு ஹெட் ஆபீஸோட கோத்தாங்க பாருங்க, அன்னிக்கே ஆரம்பிச்சுது. ஒரே கதவு நம்பர் 23 வீட்டுக்கு இருந்தா தபால்காரர் எங்க போவாரு? கரூருக்கு அனுப்புன ஸ்டாக் சீட்டு கோபி பிரிண்டர்ல வந்து விழுகுது, அங்க இருந்த பொண்ணு போன் பண்ணி "அண்ணா, இது எங்க கிளையோடது இல்லீங்களே"ங்குது.

அவசரத்துக்கு நாட் (ஒரு அட்ரஸ வழியில வேற அட்ரஸா மாத்தற முறை) போட்டு ஒப்பேத்துனோம், அப்பறம் ஒரு ராத்திரிக்கு ஒரு கிளைன்னு நம்பர் மாத்துனோம். கம்ப்யூட்டருக்கு அட்ரஸ தானா கொடுக்கற டிஹெச்சிபி இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா பில்லிங் மெஷின், கேமரா டிவிஆர், கைரேகை மெஷின்ல எல்லாம் அட்ரஸ கையால அடிச்சு வச்சிருக்காங்க, பாஸ்வேர்டு போட்டவரு வேலைய விட்டே போயிட்டாரு. ஒரு கிளையில ராத்திரி ரெண்டு மணிக்கு சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தா காலண்டர் தாள்ல எழுதி ஒட்டுன நாலு நம்பர், மொத்த டாகுமெண்டும் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் உள்ளுக்குள்ள பயன்படுத்த அட்ரஸுக்குப் பஞ்சமே இல்லீங்க. உலகத்துக்குப் பொதுவான ஐபிவி4 (பழைய வகை ஐபி அட்ரஸ்) மத்திய இருப்பு 2011 பிப்ரவரி 3-லயே தீந்துபோச்சு, ஆனா 10-ல ஆரம்பிக்கற பிரைவேட் வரிசையில மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல இருக்கு. நாங்க மேற்கு மாவட்டக் கிளைங்களுக்கு மொத்தமா 10.16-ன்னு ஒதுக்குனோம், கிளைக்கு 1024 அட்ரஸ், அதாவது 256 அட்ரஸா நாலு துண்டு, 10.16.0, 10.16.4, 10.16.8-ன்னு நாலு நாலா தாண்டிப் போகும், அந்த நாலு துண்டுல பில்லிங்குக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணு, வெளி ஆளுங்க வைஃபைக்கு ஒண்ணு. இப்படி 64 கிளை வரைக்கும் தாங்கும், மேற்கு ஏரியா ரவுட்டர் ஹெட் ஆபீஸுக்கு 10.16-ன்னு ஒரே வரி ரூட் (எந்த அட்ரஸுக்கு எந்த வழிங்கற குறிப்பு) சொன்னாப் போதும், புதுக் கிளை வந்தாலும் ஹெட் ஆபீஸ் பக்கம் ரூட்ட தொட வேண்டியதே இல்ல.

பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ், வங்கி மாதிரி எடங்க இன்னொரு படி யோசிக்கணும். லைன் கம்பெனி கொடுத்த பப்ளிக் அட்ரஸ் (வெளி இன்டர்நெட்டுக்குத் தெரியற அட்ரஸ்) கம்பெனி மாறுனா கூட வராது. இந்தியாவுல ஐபி அட்ரஸ் ஒதுக்கற ஐஆர்ஐஎன்என்-ல சொந்த அட்ரஸும், நம்ம நெட்வொர்க்குக்கு அடையாளமான ஏஎஸ் நம்பரும் வாங்கிட்டா, ரெண்டு கம்பெனி வழியாவும் பிஜிபி-ல (நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) அறிவிக்கலாம், ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு வழியா ஓடும். ஆனா ரெண்டு லைனும் ஒரே குழி வழியா வருதான்னு கண்ணால பாருங்க, ரோடு தோண்டுற ஜேசிபி-க்கு ரெண்டும் ஒண்ணுதான். புது வகை அட்ரஸான ஐபிவி6-யும் இப்பவே சேத்து வாங்கிடுங்க, ஒரு எடத்துக்கு /48-ங்கற அளவு பிளாக் (அட்ரஸ் தொகுப்பு) கிடைச்சாலே 65,536 தனித்தனி நெட்வொர்க் போடலாம்.

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் பக்கத்துல இதப் பத்தி விளக்கமா ஒரு கட்டுரை போடணும்னு கேட்டுக்கறேன். அந்தக் கடை போன மாசம் பெருந்துறையில 24-வது கிளை திறந்துச்சு, நாங்க போட்டு வச்ச அட்ரஸ் ஷீட்டுல அதுக்கான வரிசை ஏற்கனவே எழுதி இருந்துச்சு, மத்தியானம் சாப்ட்டுட்டு ஆரம்பிச்ச வேலை சாயங்கால டீக்கு முன்னாடி முடிஞ்சுது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஈரோடு.