ஆக்டோபஸை முதலில் பார்த்தவர்

ஐயா,

ஞாயிறு இதழில் வந்த ஆக்டோபஸ் கட்டுரை அருமை. ஆனால் அந்த விலங்கைப் பற்றிச் சொன்ன அளவுக்கு, அதைத் தேடிப் போனவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் பல ஆக்டோபஸ்கள் கூடி வாழும் இடத்தை 2009-இல் கண்டறிந்த மேத்யூ லாரன்ஸ் பேராசிரியர் அல்ல. கடலில் மூழ்கிப் பார்ப்பதில் ஆசை கொண்டவர். அப்புறம்தான் பீட்டர் காட்ஃபிரே-ஸ்மித், டேவிட் ஷீல் போன்ற ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். கடலடியில் கேமராவை வைத்து, பதிவானதை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகே, அவை ஒன்றன்மேல் ஒன்று மண்ணையும் சிப்பியையும் வீசுவது 2022-இல் ஆய்வுக் கட்டுரையானது. படகுக்கும் காற்று உருளைக்கும் செலவு என்ன ஆகும் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கடல் இல்லாவிட்டாலும் வேலூர்க்காரர்களுக்கு இது புரியும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வுக்காக இங்கே 373 குழந்தைகளை 3 வயது வரை, வாரம் இருமுறை வீடு தேடிப்போய்ப் பார்த்தவர்கள் களப்பணியாளர்கள். அதுவும் எங்கள் ஊர் வெயிலில்! அவர்கள் பெயர் செய்தியில் வருவது அபூர்வம்.

அடுத்த முறை, மன்னார் வளைகுடாவில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்தான்) பிடிக்கும் நம் மீனவர்களையும் விசாரித்து எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
காட்பாடி