நைனாவுக்கு, லீட்ஸிலிருந்து

லீட்ஸ்
நவம்பர் 16

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். அம்மா, பாட்டி, பாப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. பாப்பாவும் டெக்ஸ்டைல் படிக்க ஆசைப்படுகிறாள், எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டீர்கள். அது இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடியது இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே இப்போது நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. குளிர் கொஞ்சம் பழகிவிட்டது. விசா விதிப்படி பாடம் நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சனி, ஞாயிறு மட்டும் ஒரு கடையில் நிற்கிறேன். சோறு நானே வடித்துச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே செங்கல் சுவர்தான். காலையில் எழுந்ததும் கண் நம்ம நகரி மூக்கு மலையைத் தேடுகிறது.

இது கம்பளித் துணியால் வளர்ந்த ஊர். 1874-ல் இங்கே யார்க்‌ஷயர் அறிவியல் கல்லூரி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் ஜவுளிப் படிப்புக்குப் பணம் கொடுத்தது லண்டன் துணிக்காரர்களின் பழைய சங்கம். அந்தக் கல்லூரிதான் பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நம்ம ஊரில் தறிக்காரர்கள் சேர்ந்து காலேஜ் வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் பருவத்தில் ஒரு கம்பெனிக்காரர் வகுப்புக்கே வந்தார். சட்டைத் துணி வேண்டும், இன்ன விலைக்குள் இருக்க வேண்டும், இத்தனை வாரத்தில் மாதிரி காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எங்களுக்குப் பாடம், மார்க்கும் அதற்குத்தான். நாலு பேர் கொண்ட குழுவில் நெசவு என் பொறுப்பு. இரண்டு வாரம் கண்விழித்து நீலமும் வெளிர்சாம்பலும் கலந்த ஒரு சின்னக் கட்டம் நெய்தேன். நன்றாகவே வந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். மீட்டர் என்ன விலை விழும்? இந்த நூலை ஏன் எடுத்தாய்? இந்த நூல் கிடைக்காமல் போனால் என்ன செய்வாய்?

எனக்கு வாய் வரவில்லை, நைனா. தறிக்காரர் வீட்டுப் பெண், விலை தெரியாமல் நின்றேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நீங்கள் திண்ணையில் வியாபாரியோடு உட்கார்ந்து கணக்குச் சொல்வதே கண்ணில் வந்தது. எழுந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இஞ்சுக்கு 60 ஊடை, அதாவது குறுக்கிழை, 45 இஞ்ச் அகலம், 40-ம் நம்பர் நூல். ஒரு மீட்டரில் 2,362 ஊடை விழுகிறது. அகலத்தோடு பெருக்கினால் 2,953 கஜம். 40-ம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். ஆக, மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் ஊடை. சுருக்கத்துக்கும் கழிவுக்கும் மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டும். நீங்கள் இதை விரல் மடக்கியே சொல்லிவிடுவீர்கள். சின்ன வயசிலிருந்து பக்கத்தில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. காலேஜிலும் யாரும் கேட்கவில்லை.

அங்கே நான் படித்த காலேஜில் மூன்று வருஷம் டிசைன் வரைந்தோம், நூல் வகைகளை மனப்பாடம் செய்தோம். கடைசிப் பருவத்தில் இரண்டு நாள் யாரோ வந்து பயோடேட்டா எழுதவும் கைகுலுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குத்தான் வேலைத் திறன் பயிற்சி என்று பெயர். தறியும் இல்லை, கணக்கும் இல்லை. எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் தீரவில்லை. திறமையைத் தனியாக இரண்டு நாளில் ஊட்ட முடியாது, நைனா. பாவு பிணைக்கும்போதே, துணி நெய்யும்போதே அது சேர்ந்து வர வேண்டும். இங்கே பி.ஏ. படிக்கும் பிள்ளைகளில் பலர் இரண்டு வருஷம் முடிந்ததும் ஒரு முழு வருஷம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்துதான் கடைசி வருஷம் படிக்கிறார்கள். சாண்ட்விச் கோர்ஸ் என்பார்கள். திரும்பி வந்த பிள்ளைகள் பேசுவதே வேறு மாதிரி இருக்கிறது.

இங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். படிப்பின் பகுதியாக ஒரு வருஷம் வரை செய்யும் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. சில இடங்களில் சம்பளமே கிடையாது. லண்டன் வாடகை கொடுக்க வசதி உள்ள பிள்ளைதான் அதற்குப் போக முடியும். இது அநியாயம்.

பாப்பாவுக்கு வருகிறேன். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். போய் நேராகக் கேளுங்கள்: எத்தனை வாரம் மில்லுக்கு அனுப்புவீர்கள்? அதற்கு மார்க் உண்டா? விலை போடச் சொல்லிக்கொடுப்பீர்களா? தறி ஓடுகிறதா, இல்லை கண்ணாடிக்குள் நிற்கிறதா? படிப்போடு தொழில் பழகும் பட்டப்படிப்புக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2020-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது, அந்த மாதிரிப் படிப்பு நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். சென்னை, ஐதராபாத், கண்ணூர் மூன்று இடத்திலும் நிஃப்ட் என்ற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதட்டும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அவள் எந்தப் பக்கம் போனாலும் பிழைத்துக்கொள்வாள். அதுவரை வியாபாரி வரும்போதெல்லாம் அவளை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டாம்.

அப்புறம் ஒரு உதவி. இங்கே வாராவாரம் என்ன தப்பு நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று எழுதிக் காட்ட வேண்டும். தப்பை எழுதி ஆசிரியையிடம் கொடுப்பதா என்று முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகுதான் தறிப்பக்கம் ஆணியில் தொங்கும் உங்கள் நோட்டு ஞாபகம் வந்தது. எந்தப் பாவு எந்தத் தேதியில் ஏற்றியது, எங்கே இழை அறுந்தது, எந்த நூல் மோசம் என்று 20 வருஷமாக எழுதுகிறீர்களே, அதேதான். ஆசிரியையிடம் சொன்னேன், பார்க்க வேண்டும் என்கிறார். பாப்பாவை அதில் பத்துப் பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாம் தறியில் பாவு அறுந்துகொண்டே இருந்ததே, அந்த மாசத்துப் பக்கம் கட்டாயம் வேண்டும். எண்ணெய்க் கறை இருந்தால் பரவாயில்லை, எழுத்து தெரிந்தால் போதும்.

உங்கள் அன்பு மகள்