முக்கால் கணக்கு சொல்லித் தந்தவர்களுக்கு

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் ஜெய்கட் தொடங்கி மாண்ட்வா வரை எங்களுக்கு வழி சொன்ன அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பயணிகளின் வணக்கம்.

எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் கடல் கிடையாது. தெரிந்த ஆறு காவிரி, தெரிந்த ஓடம் ஒகேனக்கல் பரிசல். நீர்வரத்து கூடினால் பரிசல் நிற்கும், குறைந்தால் ஓடும். கடல் அப்படியில்லை, ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம் என்பதால் நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. மும்பையை ஒட்டிய கரையில் அமாவாசை, பௌர்ணமி சமயம் அது 4 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே ஜங்கார் (வண்டிகளையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகு), பாதை, மீன் ஏலம் எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை.

முதல் நன்றி லாரி ஓட்டும் அண்ணன்மாருக்கு. கிருஷ்ணகிரியில் ஏறும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விடாமல் பெங்களூர், ஹூப்ளி, பெல்காம் வழியே கோலாப்பூர் வரை போய், அங்கிருந்து அம்பா மலைப்பாதையில் ரத்னகிரிக்கு இறங்கச் சொன்னீர்கள். பிறகு கரையோடு வடக்கே போனால் ஜெய்கட்–தவ்சால், தோபாவே–தாபோல், வேஷ்வி–பாக்மாண்ட்லா, திகி–அகர்தாண்டா என்று நான்கு இடத்தில் காரோடு ஜங்காரில் ஏறிக் கழிமுகம் கடக்கலாம். தண்ணீரில் கால் மணி நேரம் போல. சுற்றிப் போனால் மலையேறி இறங்க அரை நாள் போய்விடும். ஊருக்குள் பெட்ரோல் பங்க் குறைவு, குகாகர், தாபோலி, ஸ்ரீவர்தனில் நிரப்பிக்கொள்ளுங்கள் என்றதும் நீங்கள்தான். தாபோல் வேறு, தாபோலி வேறு என்று அழுத்திச் சொன்னதற்குத் தனி நன்றி.

ஜங்கார் தொழிலாளிகளுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். வற்றம் அதிகமான நேரத்தில் துறையின் சிமெண்ட் சரிவு பாசியோடு வெளியே தெரியும், ஜங்காரில் ஏறும் இரும்புப் பலகை நன்றாகச் சரிந்து நிற்கும், தாழ்வான காரின் முன்பக்கம் உரசும். ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி, முதல் கியரில் நடுவில் நிறுத்தாமல் ஏற வேண்டும். பைக் என்றால் ஈர இரும்பில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. உள்ளே போனதும் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட வேண்டும். எந்த வண்டி எந்தப் பக்கம் என்று நீங்கள் கைகாட்டுவது எங்கள் பரிசல்காரர் ஆட்களை எதிரெதிரே உட்காரவைக்கும் அதே சமநிலைக் கணக்குதான்.

பர்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம். அந்த இரண்டு சொல்லோடு மீனவப் பெரியவர்கள் தந்த முக்கால் கணக்குதான் பெரிய கொடை. நாள் காலண்டரில் திதியைப் பார்த்து, அதன் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். அஷ்டமி எட்டு, எட்டின் முக்கால் ஆறு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி சுமாருக்கு முழு ஏற்றம், அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து முழு வற்றம். பஞ்சமி என்றால் மூன்றே முக்கால். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்கு. தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவது அதிலேயே அடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்கு இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாமல் இருந்தோம். இது உத்தேசம்தான், இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், துறையில் ஒருமுறை கேட்டுக்கொள் என்றும் சொல்லிவைத்தீர்கள்.

ஹரிஹரேஷ்வர் கோயில் கடைக்காரர்களே, கோயிலுக்குக் கீழே பாறை வழியாகப் போகும் பிரதட்சிணப் பாதையில் ஓஹோட்டியில் மட்டும் இறங்க வேண்டும் என்று முன்பின் தெரியாதவரையும் நிறுத்திச் சொல்கிறீர்கள். கடல் திரும்பும்போது அலை பாறை இடுக்கில் மோதி ஆளையே இழுத்துவிடும். நீங்கள் தடுத்தது பல உயிர். மணலில் காரை இறக்காதே என்ற எச்சரிக்கையும் அப்படித்தான். வற்றத்தில் சிமெண்ட் தரை போலத் தெரியும் ஈர மணல், தண்ணீர் ஏறியதும் சக்கரத்தடியில் கரைந்துவிடும்.

ஹர்ணை அக்காமாருக்கு: மாட்டு வண்டியிலும் சிறு படகிலும் கரைக்கு வரும் மீனை மாலை ஏலத்தில் எப்படி வாங்குவது, செவுளின் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாகக் காட்டினீர்கள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் வராதே என்றும் சொன்னீர்கள்.

வேளாஸ் கிராமத்துக் குடும்பங்களே, உங்கள் அரிசி பாக்ரி ரொட்டியும், கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடியும் களி தின்று வளர்ந்த எங்கள் வயிற்றுக்கு அப்படியே ஒத்துப்போயின. சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பு தொடங்கிவைத்த வழியில் பங்குனி ஆமை முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரிந்ததும் காலையிலும் மாலையிலும் முட்டைக் குழிமேல் கவிழ்த்த கூடையைத் தூக்கிப் பார்த்துக் கடலுக்கு விடுகிறீர்கள். கயிற்றுக்குப் பின்னால் நில், ஃபிளாஷ் போடாதே, கையில் எடுக்காதே. குஞ்சு தானாக மணலில் நடந்துதான் அலையைத் தொட வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதை அவர்கள் இங்கே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

இங்கிருந்து இனி அங்கே கிளம்புகிறவர்களிடம் நாள் காலண்டரையும் சில்லறைப் பணத்தையும் எடுத்துவைக்கச் சொல்லி அனுப்புகிறோம். வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பயணிகள்