ஒரு மணி நேரம் போதும், கயல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் செப்டம்பரில் தான்சானியாவில் மஹாலே மலைக்காட்டுக்குப் போகிறீர்கள் என்றதும் அப்பாவுக்கும் எனக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் போனில், "இவ்வளவு பணம் கட்டினாலும் சிம்பன்சியை ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்களாமே, அநியாயம்" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

அந்த ஒரு மணி நேரம் அவற்றைக் கண்ணில் கண்ட பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை நடக்கிற நடைக்குக் கணக்கே கிடையாது. விடியற்காலையிலேயே தடம் பார்ப்பவர்கள் முன்னால் காட்டுக்குள் போய்விடுவார்கள். சிம்பன்சிக் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்து அவர்கள் தகவல் சொன்னதும் நீங்கள் கிளம்ப வேண்டும். பூங்காவுக்குள் சாலை கிடையாது, எல்லாம் நடைதான். அங்கே போய்ச் சேருவதற்கே சின்ன விமானம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிகோமா என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து டாங்கனிக்கா ஏரியில் படகு. நாங்கள் படகில்தான் போனோம். ஏரியின் ஆழம் 1,470 மீட்டர் என்று அப்பா நடு ஏரியில் வைத்துச் சொன்னார். அவருக்கு எதை எப்போது சொல்வது என்றே தெரியாது.

நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். மழை இல்லாத அந்தச் சமயத்தில் கூட்டம் மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

ஆள் வந்தால் அவை ஓடாது. 1965இல் ஜப்பானிலிருந்து வந்த தொஷிசாதா நிஷிதா என்ற ஆராய்ச்சியாளர் முதலில் கரும்பு கொடுத்துத்தான் அவற்றைப் பழக்கினார். 1987இல் அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நம்மை ஏறெடுத்தும் பார்க்காது, எனக்குப் பிடித்ததே அதுதான். பாதையில் ஒரு பெரிய ஆண் எதிரே வந்தது. வழிகாட்டி எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். அது ரோமம் உரச நடந்து போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பார்த்ததை விவரமாகச் சொல்கிறேன், நீயும் இதைத் தேடிப் பார். இரண்டு சிம்பன்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கோத்துக்கொண்டன. மற்ற கையால் ஒன்றின் அக்குளில் மற்றொன்று விரலால் விலக்கி விலக்கிப் பேன் பார்த்தது. உதடு மெல்லச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாக் காட்டுச் சிம்பன்சிகளும் இப்படிச் செய்வதில்லையாம். முதன்முதலில் இதைக் கவனித்து எழுதியதே மஹாலேயில்தான். அதற்காக அவற்றைச் சாது என்று நினைத்துவிடாதே. பக்கத்தில் இருந்த இன்னொரு கூட்டத்தின் ஆண்கள் 1980களின் தொடக்கத்துக்குள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. இந்தக் கூட்டத்தின் ஆண்கள்தான் கொன்றிருக்கும் என்று சந்தேகம்.

மருந்துச் சமாச்சாரம் உனக்குப் பிடிக்கும். 1987இல் உடம்பு சரியில்லாத ஒரு பெண் சிம்பன்சி, கசப்பான ஒரு செடியின் தண்டை உரித்து உள்தண்டை மென்று சாறு குடித்தது. பார்த்தவர்கள் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்த முகமதி செய்ஃபு கலுண்டேயும். கலுண்டே அந்தக் காட்டிலேயே வாழ்ந்த டோங்வே மக்களைச் சேர்ந்தவர். அது தங்கள் ஆட்களும் வயிற்றுக்குக் குடிக்கிற மருந்து என்று அவர்தான் சொன்னார். வேறொரு சொரசொரப்பான இலையும் உண்டு. அதைக் காலை வெறும் வயிற்றில் மெல்லாமல் மடித்து மடித்து விழுங்கும். இலை அப்படியே வெளியே வரும்போது குடல் புழுவும் கூடவே வந்துவிடும். சின்ன வயதில் உனக்கு வேப்பங்கொழுந்து உருண்டை கொடுத்தால் தெருக்கோடி வரை ஓடுவாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நாம் கொண்டுபோகிற நோய்க்கு அவற்றிடம் இலை கிடையாது. 2006இல் சளிக் காய்ச்சல் மாதிரி ஒரு நோய் பரவி அங்கே சில சிம்பன்சிகள் செத்தன. மனிதர்களுக்கு வருகிற வைரஸ் வகைதான் காரணமாக இருக்கும் என்று கண்டார்கள். அதனால்தான் முகக்கவசம், பத்து மீட்டர் தூரம், ஒரு தடவைக்கு ஆறு பேர், ஒரு மணி நேரம். நம்மிடம் காசு பறிக்கப் போட்ட விதி இல்லை. நேரம் முடிந்ததென்று வழிகாட்டி சொன்னால் "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சாதே. ஃபிளாஷ் போடவே கூடாது.

அன்றைக்குக் காலையில் தொண்டை கரகரத்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு ஏரிக்கரையிலேயே இரு. மாப்பிள்ளை மட்டும் போகட்டும். கட்டின பணம் போனால் போகிறது. உனக்கு ஊர் விட்டு ஊர் போனாலே சளி பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்கிவிடு. செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடுகிற ஷூ ஒன்று வாங்கு, இறக்கத்தில் வழுக்கும். அப்பா பைனாகுலரை அனுப்பட்டுமா என்கிறார். சிம்பன்சிக்குத் தேவைப்படாது, கரையோர மரங்களில் உட்காரும் மீன்கழுகுக்கு வேண்டுமானால் ஆகும். வேண்டுமா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா