மிசி அன்ரிக்கும் மற்ற எல்லோருக்கும்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலை தானாகவே எழுந்து விறாந்தைக் கதிரையில் போய் இருந்தார். நடந்தது நம் சபையில் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. வீடு வீடாக வந்து சொல்லவேண்டிய நன்றி இது. ஆனால் இப்போதைக்கு அம்மாவை விட்டுவிட்டு வெளிக்கிட முடியாது. அதனால்தான் இந்த மடல்.

எழுத இருந்ததும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சீ.ஆர். கொப்பி.

நான் பொறுப்பாக இருக்கும் ஞாயிறு பள்ளியின் நத்தார் ஒளிவிழா நெருங்கிவிட்ட அந்த வாரம், அம்மா இருந்த பெரியாஸ்பத்திரிக்குப் பார்வையாளர் நேரத்தில், தாதியான மிசி அன்ரி வந்தார். அதற்கு முன்பு எத்தனையோ பேர் வந்து, "ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிலையில் என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே ஒரு வேலை. அதற்குக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அன்ரி எதுவும் வேண்டுமா என்று கேட்கவில்லை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து, பைக்குள் இருந்து புதுக் கொப்பியையும் பேனையையும் எடுத்தார்.

"பிள்ளை, அலுமாரித் திறப்பைத் தாரும். பிறகு, உமக்கு மட்டும் தெரிஞ்சதை மட்டும் சொல்லும். எல்லாருக்கும் தெரிஞ்சதை நாங்கள் பாப்பம்."

ஞாயிறு பள்ளியைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது என்ன? பாட்டுகள் எல்லோருக்கும் தெரியும். நாடகம் எழுதி ஆசிரியர்களின் கையில் கொடுத்தாயிற்று. மேய்ப்பர்களின் உடுப்பு எந்தப் பெட்டியில் என்று அலுமாரியைத் திறந்தால் தெரிந்துவிடும். நான் சொல்லச் சொல்ல அன்ரி எழுதியவை எல்லாம் பிள்ளைகளைப் பற்றியவைதான். பாலர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. இன்னொரு பிள்ளை ஒலிபெருக்கி திடீரென்று சத்தம் போட்டால் அழும், அதனால் பின்பக்கமாக இருத்த வேண்டும். மத்திய பிரிவில் ஒருவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பது இன்னும் கஷ்டம். அவனிடம் தாளைக் கொடுக்காமல் வாயால் சொல்லிக்கொடுத்தால் ஒரே தரத்தில் பிடித்துக்கொள்வான். இரண்டு பிள்ளைகளை அம்மம்மா வந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும், வேறு யார் கேட்டாலும் அனுப்பக்கூடாது. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. அன்ரி அதை ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்டுவிட்டு, திறப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த மிச்ச நேரத்தை என் அம்மாவுக்கென்றே விட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிரவு வார்ட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்தபோது, ஒளிவிழா என் தலையில் இல்லை. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று அது.

பிறகு நடந்ததைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சொல்லித்தான் அறிந்தேன். அன்ரி ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் செய்ததையே இங்கேயும் செய்திருக்கிறார். வார்ட்டில் ஒரு மிசி வேலை முடிந்து போகும்போது, அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். அதேபோல் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேரை நியமித்து, ஒருவர் வராவிட்டால் மற்றவர் கொப்பியைப் பார்த்துத் தொடரலாம் என்று ஒழுங்கு செய்திருக்கிறார். அலுமாரிக் கதவின் உட்பக்கம் 1990, 1929 என்ற இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். முதலாவது அம்புலன்ஸ், இரண்டாவது சிறுவர் பாதுகாப்புக்கு. பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் எந்த இடத்திலும் இந்த இரண்டும் கண்ணில் படவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் செய்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒத்திகை. எல்லாப் பிள்ளைகளையும் மூன்று மணிக்கு வரச்சொல்லி, தங்கள் முறை வரும்வரை மண்டபத்தில் இருத்தி வைப்பதுதான் எங்கும் வழக்கம். அன்ரி பாலர் வகுப்பைத் தனியாகக் கூப்பிட்டு, இருபது நிமிடத்தில் முடித்து, பணிசும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டார். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆராதனை முடிந்த கையோடு மட்டும் ஒத்திகை, வார நாளில் கூப்பிடவேயில்லை. நேரம் பார்க்கும் பொறுப்பை, மேடையில் ஏற வெட்கப்படும் ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்தார். அவள் கையில் மணிக்கூடும் ஒரு மஞ்சள் மட்டையும். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் மட்டையைத் தூக்குவாளாம். பெரியவர்கள் உட்பட எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்களாம். விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, இருட்டுவதற்கு முன்பே முடிந்தது. அராலி, சங்கானைப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் கிடைத்தது.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை ஆஸ்பத்திரியில் இருந்து வாசித்தேன். மோசேயின் மாமன் எத்திரோ வந்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் பொறுப்பாளர்களை வை என்று ஆலோசனை சொல்லும் பகுதி. தலைவர்கள் வேலையைப் பகிர வேண்டும் என்பதற்கு இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு இந்தமுறை கண்ணில் பட்டது வேறு. மோசே மட்டுமா களைத்திருந்தார்? ஜனங்களும் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் எத்திரோ சொல்லும் பலனும் அவர்களைப் பற்றியதுதான், எல்லோரும் தங்கள் இடத்துக்குச் சுகமாய்ப் போய்ச் சேருவார்கள் என்று. எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், காத்திருப்பது மற்றவர்கள். ஞாயிறு பள்ளியில் காத்திருப்பது பிள்ளைகள். தலைமைத்துவமும் நேர முகாமைத்துவமும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் இல்லை என்று எனக்குத் தெளிவானது அங்கேதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் நேரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு வந்ததும் புலமைப்பரிசில், அப்புறம் சாதாரண தரம், உயர்தரம், இடையில் விடாமல் ரியூசன். ஞாயிறு காலையும் சில பிள்ளைகளுக்கு மிஞ்சுவதில்லை. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் முழுவதும் வேலைத்தலங்களில் கிடந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வாக இருந்ததால்தான். இன்று நம்மிடம் வரும் பிள்ளையும் வாரம் முழுக்க உழைத்துவிட்டுத்தான் வருகிறது. அது கொண்டுவரும் ஒரு மணித்தியாலத்தில் வருகைப் பதிவுக்கும் அறிவித்தலுக்கும் கால்வாசி போய்விடக்கூடாது. சின்னவர்கள் ஒரே மூச்சில் பத்து நிமிடம் கதை கேட்டாலே பெரிய காரியம். கதை சுருக்கமாக இருக்கட்டும், பிறகு பாட்டு, பிறகு கையால் செய்ய ஏதாவது. ஆனால் கதையைச் சுருக்க, சொல்பவர் செவ்வாய் புதனிலேயே படித்திருக்க வேண்டும். சனி இரவு பாடத்தைத் திறந்தால் ஞாயிறு அது நீண்டுகொண்டேதான் போகும்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதை மன்னிக்க வேண்டும். இரவில் வந்து ஜெபித்த போதகர் ஐயா, இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துத் தம்பிமார், ஒருநாளும் தவறாமல் கஞ்சி அனுப்பிய மாதர் சங்கத்து அக்காமார், காசு வாங்காமல் ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணா, எங்கள் கோழிகளுக்குத் தீன் போட்ட பக்கத்து வீட்டு மாமி, கனடாவிலிருந்து ஒவ்வொரு இரவும் கூப்பிட்ட பழைய மாணவர்கள், தங்கள் பரீட்சைக்கு இடையிலும் வகுப்பை விடாத உயர்தரப் பிள்ளைகள், வார்ட்டில் இருந்த தாதிமார், வைத்தியர்கள் எல்லோருக்கும் என் நன்றி. பெயர் எழுதத் தொடங்கினால் ஒருவர் விடுபட்டுவிடுவார். கர்த்தருக்கு எல்லாப் பெயரும் தெரியும்.

ஒன்றைப் பொருத்தனையாகவே எழுதுகிறேன். இனி எங்கள் ஞாயிறு பள்ளியில் எந்த வகுப்பும் ஒருவர் தலையில் இருக்காது. அந்தக் கொப்பி அலுமாரியிலேயே இருக்கும். அதில் எழுத ஆசிரியர்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. பிள்ளைகளின் வீட்டு விஷயம் இருப்பதால் அலுமாரி பூட்டியே இருக்கும், திறப்பு இரண்டு பேரிடம். பரீட்சை எழுதும் ஆசிரியப் பிள்ளைகளுக்கு அந்தத் தவணை முழுவதும் ஓய்வு. எந்தப் பிள்ளையும் தன் பங்குக்காக அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்காது.

இதற்கு இன்னும் சில பேர் வேண்டும். மேடையில் பேசத் தெரிய வேண்டும் என்றில்லை. பிள்ளைகளை வாசலில் வரவேற்கவும், போகும்போது சரியான ஆளின் கையில் ஒப்படைக்கவும் பொறுமை இருந்தால் போதும். புதுவருட ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் அரை மணித்தியாலம் கூடுகிறோம். தரம் ஒன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் வரலாம். மிசி அன்ரியும் இருப்பார்.